வீட்டு ஆபீசுக்கு ஆல் இன் ஒன் பிரிண்டர் வாங்கும் முன்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்கும், முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் இரண்டு குடும்பங்களுக்கும் கணக்கு எழுதித் தருகிறேன். பில், வவுச்சர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று நாள் முழுக்கத் தாளோடுதான் வேலை. 2019ல் முதல் பிரிண்டர் வாங்கினேன். 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்றதும் எடுத்துவிட்டேன். கூடவே வந்த கருப்பு கார்ட்ரிட்ஜ் மூன்றாவது வாரம் தீர்ந்தது. ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, மைக்குக் கொடுத்த பணம் மெஷின் விலையைத் தாண்டியிருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒன்று, லாஸ்பேட்டையில் டியூஷன் நடத்தும் என் தங்கைக்கு ஒன்று, கிளையன்ட்கள் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று என்று பார்த்து வாங்கியிருக்கிறேன். நான்கும் நான்கு விதம். எந்த பிராண்டு நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் கிடைக்கும். உங்கள் வீட்டில் என்ன தாள், எவ்வளவு தாள், எந்த மாதத்தில் என்று தெரிந்துவிட்டால் மெஷின் தானாகவே இரண்டு மூன்று மாடலுக்குள் வந்து நின்றுவிடும்.

முதல் படி: ஒரு மாதம் தாளை எண்ணுங்கள்

ஒரு சின்ன நோட்டை மேசையில் போடுங்கள். வெளியில் பிரிண்ட் எடுத்தாலும், ஜெராக்ஸ் போட்டாலும், ஃபோனில் படம் பிடித்து அனுப்பினாலும் அன்றன்றே குறித்து வையுங்கள். கருப்பு எத்தனை, கலர் எத்தனை, ஸ்கேன் எத்தனை, ஜெராக்ஸ் எத்தனை, அதில் ஏ4 தவிர வேறு அளவு உண்டா. இவ்வளவுதான். ஒரு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் இரண்டு வாரமாவது எழுதிப் பாருங்கள்.

என் நோட்டில் வந்தது: கருப்பு 340 பக்கம், கலர் 30, ஸ்கேன் 200க்கு மேல். ஸ்கேன் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தங்கை நோட்டில் இதற்கு நேர்மாறு. கலர் படம் போட்ட பயிற்சித் தாள்தான் அவளுக்கு அதிகம், அதுவும் ஜூன் முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மெஷின் சும்மா கிடக்கும். இந்த இரண்டு மாத இடைவெளிதான் அவள் எந்த மெஷின் வாங்கலாம், வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. எண்ணாமல் போயிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கணக்கை எடுத்ததும், வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மெஷின் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெருக்கடையில் ஒரு பக்கம் 2 ரூபாய், வீட்டில் தாளோடு சேர்த்து 75 பைசா. பக்கத்துக்கு 1 ரூபாய் 25 பைசா மிச்சம். போட்ட பணம் திரும்பி வர 11,200 பக்கம் அடிக்க வேண்டும். மாதம் 370 பக்கம் அடிக்கும் எனக்கு இரண்டரை ஆண்டு. மாதம் 50 பக்கம் அடிப்பவருக்கு 18 ஆண்டுக்கு மேல். ஜெராக்ஸ் கடை பக்கத்தில் இருந்து, மாதம் 50 பக்கம்தான் என்றால், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். கடைக்குப் போய்வர ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தாலோ, கிளையன்ட்டின் வருமானக் கணக்கைக் கடைக் கம்ப்யூட்டரில் திறக்க மனம் ஒப்பவில்லை என்றாலோ கதை வேறு. எனக்கு இரண்டாவது காரணமே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் படி: தாளின் அளவு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாங்கிய பிறகுதான் தெரியவரும். குறைந்த விலை ஆல் இன் ஒன் எல்லாவற்றிலும் ஸ்கேன் கண்ணாடி ஏறக்குறைய ஏ4 அளவுதான், நீளம் 297 மி.மீ. நம் ஊரில் பத்திரம், ஒப்பந்தம், பழைய வாடகை அக்ரிமென்ட் எல்லாம் பெரும்பாலும் லீகல் அளவு. அதன் நீளம் 356 மி.மீ. கண்ணாடியில் வைத்தால் கீழே ஆறு செ.மீ. தொங்கும். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற இடமே அதுதான்.

ஒரு கிளையன்ட்டின் கடன் விண்ணப்பத்துக்காக 14 பக்கப் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை ஸ்கேன் செய்து ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பேங்கில் ஒரே படமாக வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லீகல் தாளில் பிரிண்ட் அடிப்பதை ஏறக்குறைய எல்லா மெஷினும் செய்யும். ஸ்கேன் செய்வது வேறு. அதற்கு மேலே தாள் அடுக்கி வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் வேண்டும். அந்த ஏடிஎஃப் லீகல் நீளத்தை ஏற்குமா என்றும் மாடலின் விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்க் டேங்க் வகையில் எப்சன் எல்5290, கேனான் ஜி4010 போன்றவற்றில் ஏடிஎஃப் உண்டு. அதற்காகச் சில ஆயிரம் கூடும். பத்திரம், நிலம், லோன் சார்ந்த வேலை பார்ப்பவர்கள் அந்தச் சில ஆயிரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடித்து மடித்து வைத்து மடிப்பில் கிழிந்த பழைய மூலப் பத்திரத்தை ஏடிஎஃப்பில் விடவே கூடாது. சுருட்டி இழுத்துக் கிழித்துவிட்டால் அதை ஈடு செய்யும் பணம் யாரிடமும் இல்லை. அதற்கு ஃபோனில் இருக்கும் ஸ்கேனர் ஆப்பே மேல். நல்ல வெளிச்சத்தில், நேர் மேலே இருந்து எடுங்கள்.

கணக்குப் புத்தகம் போலத் தடித்த பைண்டு நோட்டுகளை ஸ்கேன் செய்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விலையில் வரும் ஸ்கேனர்கள் சிஐஎஸ் என்ற மெல்லிய சென்சார் வைத்தவை. தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால்தான் தெளிவாக விழும். நடு மடிப்பில் எழுத்து மங்கும், கறுக்கும். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஓரளவு சரியாகும். கடையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்கேனரின் டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதை, பெரிதாகப் பேசுவார்கள். எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ போதும். பழைய ஃபோட்டோவுக்கு 600. அதற்கு மேல் ஃபைல்தான் பெருக்கும்.

மூன்றாம் படி: கார்ட்ரிட்ஜா, டேங்க்கா, லேசரா

இங்கேதான் நிறையப் பணம் போகும் அல்லது மிஞ்சும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கார்ட்ரிட்ஜ் மெஷின் விலை குறைவு, மை விலை அதிகம். எச்பி 805 போன்ற சின்ன கருப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம்தான் தரும். அதன் விலை 900 ரூபாய் என்றால் ஒரு பக்க மை 7 ரூபாய் 50 பைசா. ஜெராக்ஸ் கடையைவிட மூன்று மடங்குக்கும் மேல். வருடத்துக்கு நூறு பக்கம்கூட அடிக்காத, ஸ்கேன் மட்டுமே முக்கியம் என்கிற வீட்டுக்கு இது பொருந்தலாம். வீட்டு ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

இங்க் டேங்க் என்பது பாட்டிலில் இருந்து மையை ஊற்றி நிரப்புவது. எப்சன் எல்3210, எல்3250, கேனான் ஜி வரிசை, எச்பி ஸ்மார்ட் டேங்க், பிரதர் டிசிபி-டி வரிசை எல்லாம் இந்த வகை. எப்சனின் 003 கருப்பு பாட்டில் ஒன்று 65 மி.லி., 4,500 பக்கம் வரும் என்கிறார்கள். கேனானின் ஜிஐ-790 கருப்பு 135 மி.லி., 6,000 பக்கம். பாட்டில் 500 ரூபாய், 4,500 பக்கம் என்றே வைத்தாலும் ஒரு பக்க மை 11 பைசா. கலருக்கும் பயப்பட வேண்டியதில்லை. மாணவர்களுக்குக் கலர் தாள் அடித்துத் தரும் என் தங்கை மாதிரி ஆட்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் டேங்க் மெஷினுக்கு ஓய்வு ஆகாது. மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் ஹெட்டின் துளைகள் தலைமுடியைவிடச் சிறியவை. இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டால், அதுவும் கத்திரி வெயிலில், மை காய்ந்து துளை அடைக்கும். வரி வரியாக வெள்ளைக் கோடு விழும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் சரியாகும், ஆனால் ஒவ்வொரு கிளீனிங்கும் கொஞ்சம் மையைக் குடித்து அடியில் உள்ள பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். பல மாடல்களில் அதை மாற்ற சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். கேனான் ஜி3020 போன்ற சில மாடல்களில் எம்சி-ஜி02 என்ற பெட்டியை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வேஸ்ட் இங்க் பேடு நிரம்பினால் நானே மாற்றலாமா?

தங்கைக்கு நான் சொன்ன வழி எளிது. ஏப்ரல், மே மாதங்களிலும் வாரம் ஒரு தடவை நான்கு நிறமும் வருகிற ஒரு பக்கம் அடிக்க வேண்டும். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு வருடமாக ஹெட் அடைக்கவில்லை.

ஹெட்டைப் பற்றியும் ஒரு வித்தியாசம் உண்டு. எப்சன் டேங்க் மெஷின்களில் மையை மின்சாரத்தால் அசையும் சின்னத் தகடு தள்ளுகிறது. அந்த ஹெட் மெஷினோடு சேர்ந்தது, நீண்ட நாள் வரும், போனால் பெரிய செலவு. கேனான் ஜி, எச்பி ஸ்மார்ட் டேங்க் இரண்டிலும் மையைச் சூடாக்கித் துப்புகிறார்கள். ஹெட்டைத் தனியாக வாங்கி நாமே மாற்றலாம். அடிக்கடி இடைவெளி விடுபவர்களுக்கு மாற்றக்கூடிய ஹெட் ஒரு நிம்மதி.

மையிலும் இரண்டு உண்டு. டை மை தண்ணீரில் கரையும். பிக்மென்ட் மை தாளின் மேல் படிந்து நிற்கும், ஈரத்துக்கு எளிதில் கலங்காது. எப்சன் 003 நான்கு நிறமும் டை. கேனான் ஜிஐ-790, எச்பி ஜிடி53, பிரதர் பிடிடி60 ஆகியவற்றில் கருப்பு மட்டும் பிக்மென்ட். பில்லும் லெட்டரும்தான் வேலை என்றால் கருப்பு பிக்மென்டாக இருப்பது நல்லது. வியர்த்த கை பட்டால்கூட டை மை இழுவும். படம், ஃபோட்டோ என்றால் டை மையின் நிறம் அழகாக இருக்கும்.

மூன்றாவது லேசர். மை கிடையாது, டோனர் என்ற பொடி. அதைத் தாளில் ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கிப் பதிக்கிறது. ஒரு மாதம் அணைத்து வைத்து எடுத்தாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும். தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. வேகமும் அதிகம். கலர் வராது. கலர் லேசர் இந்த வழிகாட்டியின் பணத்துக்குள் அடங்காது, விட்டுவிடுவோம். ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்களே, கேனான் எம்எஃப்3010, அது இந்த வகைதான். 925 டோனர் ஒன்று 1,600 பக்கம். பிரதர் டிசிபி-பி7500டி போன்றவற்றில் டோனர் 2,600 பக்கம், இரண்டு பக்கமும் தானே அடிக்கும். அதில் டிரம் என்ற உருளை தனி, 12,000 பக்கத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டிரம் விலையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

லேசரில் டோனரை ரீஃபில் செய்யும் ஆட்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. பழைய மாடல்களுக்குச் செலவு மிகக் குறையும். புதிய மாடல்களில் டோனரில் சிப் வைத்திருக்கிறார்கள். வேறு சிப்பை ஏற்காத ஏற்பாடும் சிலவற்றில் உண்டு. ரீஃபில் செய்யலாம் என்ற நம்பிக்கையில் வாங்குவதானால், அந்த மாடலுக்கு ரீஃபில் செய்கிறீர்களா என்று ரீஃபில் ஆளிடமே முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்பவரிடம் கேட்டால் ஆகும் என்றுதான் சொல்வார்.

எனக்கு இன்று மேசையில் இருப்பது கருப்பு லேசர். மாதம் 30 கலர் பக்கத்தைத் தெருக்கடையில் எடுத்துக்கொள்கிறேன். கலர் 30 என்ற எண்ணைப் பார்த்ததால்தான் அந்த முடிவுக்கு வர முடிந்தது.

நான்காம் படி: ஒரு பக்கத்தின் விலை

மை அல்லது டோனர் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். அதோடு தாள் விலையைக் கூட்டுங்கள். 500 தாள் கட்டு 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 பைசா. டேங்க்கில் 11 பைசா மையும் 60 பைசா தாளும் சேர்ந்து 71 பைசா, கிளீனிங்குக்குக் கொஞ்சம் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளலாம். கவனித்தீர்களா, மையைவிடத் தாள்தான் இங்கே பெரிய செலவு. அதனால் டேங்க் வாங்குபவர்கள் பாட்டிலில் பத்து இருபது ரூபாய் வித்தியாசத்துக்காக அலைய வேண்டாம். பேர் தெரியாத மையை ஊற்றி ஹெட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் என் கிளையன்ட்களிலேயே இருவர். இரண்டு பக்கமும் அடித்தால் தாள் செலவு பாதி. மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, ஒரே மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்துப் பார்த்து எடுத்தது. நாம் காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று அடிப்போம். எண்ணிக்கை குறையும். முதல் செட் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். புது லேசருடன் வரும் டோனரும் பெரும்பாலும் முழு அளவு இருக்காது. இதை அறிந்திருந்தால், முதல் மாதமே தீர்ந்துபோச்சே என்று பதற வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பெயரில் ஒளிந்திருக்கும் வசதிகள்

மாடல் பெயரின் கடைசி எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். பிரதர், எச்பி லேசர்களில் டி என்றால் இருபக்கமும் தானே அடிக்கும், என் என்றால் நெட்வொர்க் கேபிள், டபிள்யூ என்றால் வைஃபை. எப்சனில் எழுத்து இல்லை, எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: எல்3210 கேபிளில் மட்டும், எல்3250 வைஃபையோடு.

வைஃபை வேண்டுமா? ஃபோனில் வரும் பிடிஎஃப்பை அப்படியே அடிப்பவர்களுக்கு வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் நடக்கிற காலத்தில் நான் வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் இந்த விலை மெஷின்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும். வீட்டு ரூட்டர் 2.4, 5 என்று இரண்டு பெயர் காட்டினால், பிரிண்டரை இணைக்கும் நேரத்தில் ஃபோனை 2.4க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெஷின் பழுது என்று திருப்பிக் கொண்டுபோகும் பலருக்கும் பிரச்சினை இதுதான்.

ஆதார் கார்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போடும் ஐடி காப்பி பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நம் வீடுகளில் அதிகம் அழுத்தப்படும் பட்டன் அது. ஃபேக்ஸ் இருக்கிறது என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: எச்பி லேசர்ஜெட் எம்1005 போன்ற பழைய உழைப்பாளிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. 12ஏ டோனர், 2,000 பக்கம், எங்கும் ரீஃபில் கிடைக்கும். வைஃபை கிடையாது. எடுக்கும் முன் மெஷினிலிருந்தே ஸ்டேட்டஸ் பக்கம் ஒன்று அடிக்கச் சொல்லி மொத்தப் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், அதில் டிரைவர் ஏறுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பழைய டேங்க் மெஷினை மட்டும் வாங்காதீர்கள். அதன் ஹெட் என்ன கதியில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: கடையில்

பென் டிரைவில் மூன்று தாள் கொண்டுபோங்கள். ஒன்று, சின்ன எழுத்து நிறைந்த உங்கள் வழக்கமான பில் அல்லது ரிட்டர்ன். இரண்டாவது, தமிழ் எழுத்தில் ஒரு லெட்டர். ‘ஐ’, ‘ஞ’, ‘ணை’ போன்ற எழுத்துகள் 8 பாயின்ட் அளவில் அப்பிக்கொள்கின்றனவா, தெளிவாக நிற்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது, கலர் தேவைப்படுபவர்களுக்கு முகம் உள்ள ஒரு படம். டெமோ மெஷினில் அடித்து, விரலை நனைத்து எழுத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். பிக்மென்ட், டை பற்றி மேலே நான் எழுதியது ஒரு நொடியில் புரிந்துவிடும். அப்புறம் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். பிரிண்ட் நன்றாக இருந்து, ஜெராக்ஸ் சாம்பல் பூத்தது போல வருகிற மெஷின்களும் உண்டு.

விலையைப் பொறுத்தவரை, கடலூர் லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு பக்கமும் கேளுங்கள், புதுச்சேரி போகும் வேலை இருந்தால் அங்கேயும் கேளுங்கள், ஆன்லைன் விலையையும் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் நான் உள்ளூரில்தான் எடுப்பேன். தாள் சிக்கி மெஷின் நின்றுபோன அன்று சாயங்காலமே, அக்கா இப்ப வரேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆன்லைனில் எடுப்பவர்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பின்கோடை, 607001 என்றோ 605008 என்றோ போட்டு, சர்வீஸ் வீட்டுக்கு வருமா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வாரண்டியை ஓராண்டு என்று மட்டும் படிக்காதீர்கள். ஓராண்டு அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்று எழுதியிருக்கும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒன்று. பிரிண்டருக்கு வரி 18%. 14,000 ரூபாய் மெஷினில் அது 2,100 ரூபாய்க்கு மேல். கடலூர்க்காரர் ஜிஎஸ்டி எண் 33ல் தொடங்கும், புதுச்சேரி எண் 34ல். புதுச்சேரிக் கடையில் நேரில் வாங்கி, பில்லில் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று விழுந்தால் கடலூர்ப் பதிவில் அந்த வரியை வரவு எடுக்க முடியாது. கடலூர் முகவரிக்கு டெலிவரி போட்டு, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி பில் தருவார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இருபது கி.மீ. சொச்சம் பஸ்ஸில் போய் ஐந்நூறு மிச்சம் பிடித்து, இரண்டாயிரத்தை விட்டவர்களின் பில்லை நானே கணக்கில் ஏற்றியிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏழாம் படி: நம் ஊர்க் காற்றில் வைத்துக் காப்பாற்றுவது

கடற்கரை ஊர். காற்றில் ஈரமும் உப்பும் இருக்கிறது. பேப்பர் கட்டைப் பிரித்து அப்படியே வைத்தால் இரண்டு நாளில் ஈரம் குடித்துவிடும். ஈரத் தாள் லேசரின் சூட்டில் போகும்போது சுருண்டு சிக்கும், டேங்க்கில் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும். டிரேயில் ஐம்பது தாள் மட்டும் போடுங்கள். மீதியைக் கட்டுக் காகிதத்தோடு மூடி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மழை மாதங்களில் நான் டிரேயில் தாளை விட்டுவைப்பதே இல்லை. தாள் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எடுங்கள், 70க்கும் அதற்கும் விலையில் சிறிய வித்தியாசம்தான், சிக்கல் நன்றாகக் குறையும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டிஎன்பிஎல் தாளையே பல வருடமாகப் போடுகிறேன், குறை வைத்ததில்லை.

புதுச்சேரியில் கைவினைக் காகிதத்தில் அழைப்பிதழ், வாழ்த்து அட்டை அடிக்க நினைப்பவர்கள் பின்பக்கம் நேராகத் தாள் விடும் டேங்க் மெஷினை எடுங்கள். அடி டிரேயிலிருந்து சுற்றி வளைத்து இழுக்கும் மெஷினில் தடித்த தாள் மடங்கும். பூவிதழ், நார் வைத்த தாளை லேசரின் சூட்டில் விடாதீர்கள்.

கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் மெஷின் வேண்டாம். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். எறும்பும் கரப்பானும் உள்ளே குடியேறுவதும் நம் வீடுகளில் நடப்பதுதான், மேசையில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

கரண்ட். லேசர் சூடாகும்போது ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் அதைச் சொருகாதீர்கள். நேராகச் சுவரில், ஸ்பைக் பஸ்டர் போட்டு மாட்டுங்கள். டேங்க் மெஷினுக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும், இன்வெர்ட்டரில் ஓடும், ஓடவும் வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குப் போகாமல் நடுவழியில் நின்று காயும். அதே காரணத்துக்காகத்தான், சுவர் ஸ்விட்சை அணைக்காமல் மெஷினின் பட்டனை அழுத்தி அணைக்கச் சொல்கிறார்கள். டேங்க்கில் மை கீழ்க்கோட்டைத் தொடும் முன் ஊற்றிவிடுங்கள். காற்று குழாய்க்குள் போய்விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

புயல் காலத்துக்கும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. தரைத்தளத்தில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் பிரிண்டரை மேலே தூக்கும்படி நேரும். டேங்க் மெஷினைச் சாய்க்காமல் மட்டமாகத் தூக்க வேண்டும், சாய்ந்தால் மை உள்ளே கொட்டிவிடும். சில மாடல்களில் மை ஓட்டத்தை அடைக்கும் லீவர் இருக்கும், முதலில் அதைத் திருப்புங்கள். இரண்டு பேராகத் தூக்குங்கள். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக, ஹெட்டின் துளை அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் பக்கம் ஒன்று அடித்துப் பாருங்கள். கோடு விட்டிருந்தால் ஒரு கிளீனிங், பிறகும் விட்டால் ஆறு மணி நேரமாவது விட்டுவிட்டு இன்னொன்று. அடுத்தடுத்து ஐந்தாறு தடவை கொடுத்தால் மைதான் தீரும். இரண்டு மூன்று தடவைக்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். மெஷின் வந்த பெட்டியையும் அதன் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். சர்வீசுக்கு பஸ்ஸில் கொண்டுபோக நேர்ந்தால் அதில் வைத்துத்தான் கொண்டுபோக முடியும்.